பன்னிரண்டு வெட்டாத சாவிகள்

சாவி மாமா எந்தச் சாவியிலும் எதையும் எழுத மாட்டார். வாசல் சாவியோ, பீரோ சாவியோ, சைக்கிள் பூட்டுச் சாவியோ, எதுவானாலும் சரி. "மூணும் ஒரே மாதிரி இருக்குங்க, ஒண்ணு ரெண்டுன்னு நம்பராவது போட்டுக் குடுங்களேன்" என்று வருகிறவர்கள் கெஞ்சுவார்கள். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வார்.

"தொலைச்சீங்கன்னா, எடுக்கறவனுக்கு நானே வழி சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். சாவி வாயைத் திறக்கவே கூடாதுங்க."

முப்பது வருஷமாக அவர் ஒரு சாவியைக்கூட வாய் திறக்க விட்டதில்லை. இந்த வருஷம் அவரைக் கிட்டத்தட்டக் கவிழ்க்கப் பார்த்ததும் இதே கொள்கைதான்.

மாமாவின் கடை ஒரு பழைய வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. மூன்று அடி அகலம். உட்கார்ந்தால் தலை தட்டாது, எழுந்தால் தட்டும். பின்சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் இன்னும் பல் வெட்டாத சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பக்கத்துக் கடை என்னுடையது, போன் ரிப்பேர். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அதில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவர் என்னிடம் சின்ன ஸ்க்ரூடிரைவர் வாங்குவார், நான் அவரிடம் அரம் வாங்குவேன். மதியம் ஒரு மணிக்கு மாமாவின் மனைவி, எனக்கு அத்தை, சாப்பாடு கொண்டுவந்தால், ஒரு கிண்ணம் அந்த ஓட்டை வழியாக எனக்கும் வரும்.

அத்தைக்குக் காது கேட்காது. இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் வேலை. எந்திரங்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. தன் குரலே தனக்குக் கேட்காததால் அத்தை எதைச் சொன்னாலும் வளாகத்துக்கே சொல்வார். மாமா பதிலுக்குக் கத்துவார். புதிதாக வருகிறவர்கள் சண்டை என்று நினைத்து ஒதுங்கி நிற்பார்கள். "குழம்புல உப்பு சரியா இருக்கா" என்பதுதான் விஷயமாக இருக்கும்.

காதுக்கு மிஷின் வைக்கலாம், இரண்டு காதுக்கும் வைக்க வேண்டும், நல்லது வேண்டுமென்றால் நிறையச் செலவாகும் என்று டாக்டர் சொன்னது மூன்று வருஷத்துக்கு முன்னால். அதே வாரத்தில்தான் என் கடைக்கு ஒரு ஆள் உடைந்த போனோடு வந்து அழுதார். போனுக்காக அழவில்லை. அதில் அவருடைய பிட்காயின், அந்த இணையப் பணம், இருந்தது, அதைத் திறக்கும் ரகசிய வார்த்தைகளை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. என்னால் முடிந்ததைப் பார்த்தேன், முடியவில்லை. அவர் போன பிறகு ஓட்டை வழியாக மாமாவின் ஒரு கண் தெரிந்தது.

"பாப்பா, அந்தப் பணத்துக்குச் சாவி தொலைஞ்சா நகல் போட்டுக் குடுக்க ஆளே இல்லையா?"

"இல்ல மாமா. உலகத்துலயே யாரும் இல்ல."

"கம்பெனிக்காரன்?"

"கம்பெனியே கிடையாது."

"அப்போ அது நல்ல பூட்டு" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் அந்த அழுகையைப் பார்த்துப் பயந்து ஓடியிருப்பார்கள். மாமா மட்டும் பூட்டைப் பார்த்தார்!

நான் முதலில் தடுத்தேன். விலை ஒரே மாதத்தில் பாதியாகும், இரட்டிப்பாகும், யாராலும் சொல்ல முடியாது, அத்தையின் காதுப் பணம் முழுவதையும் இதில் போடக் கூடாது என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டார். வாரம் பத்து சாவிக் காசு தனியாக எடுத்து வைக்க முடியும், அதில் அஞ்சு சாவிக் காசு வங்கிக்கு, அஞ்சு சாவிக் காசு பிட்காயினுக்கு என்று பிரித்தார்.

வாங்கி விற்க இடம் தரும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினோம். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. முகத்தையும் எடுக்கச் சொன்னது. மாமா சிரிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில் மூன்று தடவை நிராகரித்தது. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் நின்னாரு" என்று அத்தை சொன்னதில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த நாலு பேர் நின்று சிரித்தார்கள். நாலாவது படத்தில் மாமாவும் சிரித்துவிட்டார். ஏற்றுக்கொண்டது.

முழு பிட்காயின் வாங்க வேண்டியதில்லை, அஞ்சு சாவிக் காசுக்கும் ஒரு துணுக்கு கிடைக்கும் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். திங்கள்கிழமைதோறும் கடை திறந்ததும் முதல் வேலை அதுதான். ஒருமுறை விலை சரிந்து பாதிக்கு வந்தபோது நான்தான் குற்றவாளி மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். "துணுக்கு குறையலையே?" என்று மட்டும் கேட்டார். "அது குறையாது மாமா." "சரி, அப்போ உன் வேலையைப் பாரு."

கொஞ்சம் சேர்ந்ததும் அதை அந்தச் செயலியிலிருந்து எடுத்துத் தன் சொந்தப் பர்ஸுக்கு, அதாவது சாவி தன் கையிலேயே இருக்கும் இன்னொரு செயலிக்கு மாற்ற வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவே இல்லை. "இப்போ பூட்டும் அவன்து, சாவியும் அவன்து, பணம் மட்டும் நம்மதா? எடு முதல்ல" என்றார்.

மாற்றும்போது அவர் செய்ததை நான் இன்றுவரை எல்லாப் புது ஆட்களுக்கும் சொல்கிறேன். மொத்தத்தையும் அனுப்பவில்லை. ஒரு சாவிக் காசு அளவுக்கு ஒரே ஒரு துணுக்கை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். "புதுச் சாவியைப் பூட்டின கதவுல போட்டுப் பாப்பாங்களா? கதவைத் திறந்து வச்சுக்கிட்டுத்தான் போடணும். மாட்டிக்கிட்டாலும் உள்ளே போக வழி இருக்கும்." அந்தத் துணுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் மீதி போனது.

அந்தச் சொந்தப் பர்ஸ் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளைத் தந்தது. போன் போனாலும் அந்தப் பன்னிரண்டு இருந்தால் எந்தப் போனிலும் பர்ஸைத் திரும்பத் திறக்கலாம். படம் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும் காட்டாதீர்கள், காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள் என்றேன். ஒவ்வொரு வார்த்தையிலும் முதல் நாலு எழுத்து போதும், மீதியைச் செயலியே கண்டுபிடித்துக்கொள்ளும் என்றும் சொன்னேன். வரிசை முக்கியம் என்றும் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். நான் வேகமாகப் பேசுகிறவள்.

"காகிதமா?" என்று மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே அவரும் அத்தையும். மாமாவின் ஒரு கையில் எழுத்துப் பொறிக்கும் இரும்பு அச்சு, மறு கையில் சுத்தியல். அதனால் போனைப் பிடித்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்ல வேண்டியது அத்தை. அத்தை படித்தால் மேல்மாடிக்கே கேட்கும்! அதற்கும் மாமா வழி வைத்திருந்தார். சாவி வெட்டும் மெஷினை வெறுமனே ஓடவிட்டார். அந்தக் கிறீச்சலில் எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. நடுநடுவே "டொக், டொக்" மட்டும் கேட்டது. ஆரம்பத்தில் ஒருமுறை "அய்யோ!" என்று கேட்டது. அவ்வளவுதான்.

இதெல்லாம் நல்லபடியாக நடந்து இரண்டு வருஷம் ஓடியது.

போன மாதம் காது மிஷின் ஏற்பாடாகிவிட்டது. வங்கியில் சேர்ந்ததை முன்பணமாகக் கட்டி, அத்தையின் காதுக்கு அச்சும் எடுத்தாயிற்று. மீதியைச் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். மிஷினைப் பொருத்தும் நிபுணர் வருவது அன்றுதான், விட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார். "தள்ளிப் போடாதீங்க, ரொம்ப நாள் சத்தமே போகலைன்னா அப்புறம் மிஷின் வச்சாலும் பேச்சு புரியாமப் போயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிட்காயினை விற்றால் மீதிக்குச் சரியாக இருக்கும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். விற்ற பணம் வங்கிக்கு வர இரண்டு நாள் ஆகும்.

புதன்கிழமை காலை ஓட்டை வழியாக மாமாவின் போன் வந்தது.

"சார்ஜ் ஏறல பாப்பா."

திறந்து பார்த்தால் உள்ளே தங்கப்பொடி தூவியதுபோல் பித்தளைத் தூள். சாவி வெட்டுகிற மெஷின் பக்கத்தில் போனை வைக்காதீர்கள் என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். போர்டு கருகியிருந்தது. என்னால் உயிர் கொடுக்க முடியாத நிலை.

"போன் அவ்வளவுதான் மாமா. ஆனா பயமில்ல, பன்னெண்டு வார்த்தை இருக்குல்ல? எங்க வச்சிருக்கீங்க?"

"உன் கண்ணு முன்னாடியேதான்."

பின்சுவரில் முன்னூறு வெட்டாத சாவிகளுக்கு நடுவே, மூன்றாவது வரிசையில் ஒரு ஆணியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். பன்னிரண்டு பித்தளைச் சாவிகள். ஒவ்வொன்றின் தலையிலும் நாலு எழுத்து, அழகாக, ஆழமாக. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஒன்றைத் திருப்பினேன். இன்னொன்றைத் திருப்பினேன். பன்னிரண்டையும் திருப்பினேன்.

"மாமா, நம்பர் எங்க?"

"என்ன நம்பர்?"

"எது முதல் வார்த்தை, எது ரெண்டாவதுன்னு?"

"எழுத்து அதுக்குப் பல்லு மாதிரி, அதை அடிச்சுத்தான் ஆகணும். சாவில நம்பர் போடறதா? நானா?"

கால்குலேட்டரை எடுத்துத் தட்டினேன். பன்னிரண்டு வார்த்தையை நாற்பத்தேழு கோடியே தொண்ணூறு லட்சம் விதமாக வரிசைப்படுத்தலாம். சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. வரிசை கலைந்துபோயிருக்குமே என்று நான் புலம்பி முடிக்கும்வரை மாமா பொறுமையாக இருந்தார்.

"ஏன் கலையணும்? அடிச்சு அடிச்சு ஒண்ணொண்ணா வளையத்துல கோத்தேன். அப்புறம் கழட்டவே இல்ல. கழட்டாம வளையத்துல சாவி எப்படி இடம் மாறும்?"

நான் அவரைக் கட்டிப்பிடிக்காததற்குப் பலகைத் தடுப்புதான் காரணம். உண்மைதானே! வளையத்தில் வரிசை அப்படியே இருக்கிறது. எது ஆரம்பம், எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பது மட்டும்தான் தெரியாது. பன்னிரண்டு ஆரம்பம், இரண்டு பக்கம். வெறும் இருபத்துநாலு தடவை!

என் மேசையில் கிடந்த பழைய போன் ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து, செயலியை ஏற்றினேன். மாமா என் கடைக்கே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "நீ பாத்துதான் ஆகணும், வேற வழியில்ல" என்று வளையத்தை என் கையில் வைத்தார். ஏதோ ஒரு சாவியிலிருந்து ஆரம்பித்தேன். சிவப்பு எழுத்தில் தவறு என்றது. அடுத்ததிலிருந்து. தவறு. ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு வார்த்தை. ஏழாவது தடவை சிவப்பு எழுத்து வரவில்லை. பர்ஸ் திறந்தது.

"மாமா, திறந்துடுச்சு!"

இருப்பு: பூஜ்யம்.

செயலி பழைய கணக்கை இணையத்தில் தேடி எடுக்க நேரம் ஆகும் என்று காத்திருந்தேன். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பூஜ்யம்தான். பழைய வரவு ஒன்றுகூடக் காட்டவில்லை. ஆணியில் எல்லார் கண்ணுக்கும் தெரியத் தொங்கிய வளையம். யாரோ பார்த்துப் பணத்தை எடுத்திருக்கிறார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்ததை அவர் பார்த்துவிட்டார்.

"இல்லையா?"

இல்லை என்று தலையாட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அவகிட்ட எப்படிச் சொல்றது" என்றார். கொஞ்சம் கழித்து, "இதையும் கத்தித்தானே சொல்லணும்" என்றார்.

ரகசியமாகத் தேற்றக்கூட வழியில்லாத வீடு அது.

அப்போது பார்த்து மணி ஒன்று. அத்தை தூக்குவாளியோடு வந்து நின்றார். "என்ன ரெண்டு பேரும் இழவு வீட்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" வளாகமே திரும்பிப் பார்த்தது. மாமா வாயைத் திறந்தார், மூடினார். அத்தையின் கண் என் கையிலிருந்த வளையத்துக்குப் போனது. நான் ஒரு சாவியை மட்டும் விரலால் தனியே பிடித்திருந்தேன். அதிலிருந்துதான் அந்தக் காலி பர்ஸ் திறந்தது.

"அதை ஏன் பிடிச்சிருக்கே?"

"இதுதான் முதல் சாவி அத்தை" என்று கத்தினேன்.

"யாரு சொன்னா? குடு இங்க."

வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒன்றில் நின்றார். "இதுதான் மொதச் சாவி. மொத அடியே உங்க மாமா கட்டைவிரல்ல போட்டுக்கிட்டாரு. நகம் கருத்து ஒரு மாசம் கிடந்துச்சு. என் முந்தானையில கிழிச்சுத்தான் கட்டுனேன். பாரு." முதல் எழுத்து இரட்டையாக விழுந்திருந்தது. அச்சு நழுவி இரண்டாம் முறை அடித்த தடம். மாமா தன் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார், அதுவும் சாட்சி சொல்ல வேண்டும் என்பதுபோல.

பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்போ நீ திறந்தது யாரு வீடு பாப்பா?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு மூளை திரும்பி வந்தது. தப்பான வரிசை எல்லாவற்றையும் செயலியால் கண்டுபிடிக்க முடியாது. பதினாறில் ஒன்று தப்பித்து உள்ளே போய்விடும். உள்ளே போனால் யாருமே குடிவராத ஒரு காலி பர்ஸைக் காட்டும். நான் படித்திருக்கிறேன். புது ஆட்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். பயத்தில் எனக்கே மறந்துவிட்டது.

மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "மட்டமான பூட்டுல ஊரான் சாவிகூடச் சுத்தும். கதவு திறந்துட்டா நம்ம வீடாயிடுமா? உள்ளே நம்ம சாமான் இருக்கான்னு பாக்க வேண்டாமா? மூடு மூடு, அடுத்தவன் வீட்டுக்குள்ள போய் நின்னுக்கிட்டு!"

அத்தை காட்டிய சாவியிலிருந்து வலப்பக்கமாகச் சுற்றினேன். தவறு. இடப்பக்கமாகச் சுற்றினேன். பன்னிரண்டாவது வார்த்தையை இடும்போது மாமா என் தோளைப் பிடித்திருந்தார்.

திறந்தது. பூஜ்யம் என்றது. பிறகு பழைய வரவுகள் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன. எல்லாவற்றுக்கும் அடியில், தேதி வாரியாக முதலாவதாக, ஒரு சாவிக் காசு அளவுக்கு ஒரு சின்னத் துணுக்கு இருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தாரே, அது!

"நம்ம வீடுதான்" என்றார் மாமா.

"என்னன்னு எனக்கும் யாராவது சொல்றீங்களா?" என்றார் அத்தை. மாமா எழுந்து, வளாகத்துக்கே கேட்கும்படி, "சனிக்கிழமை உனக்குக் காது வருது!" என்று கத்தினார். எதிர்க்கடை கண்ணாடிக்காரர் எதற்கென்றே தெரியாமல் கைதட்டினார்.

அன்றே விற்றோம். வெள்ளிக்கிழமை பணம் வந்து, சனிக்கிழமை மிஷினும் வந்தது. திங்கட்கிழமை அத்தை கடைக்கு வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் கடலைப்பருப்பு அளவுக்கு ஒன்று. மாமா ஒரு சாவியை மாட்டி மெஷினைப் போட்டதும் அத்தை துள்ளிவிட்டார். "இவ்வளவு சத்தத்துலயா இத்தனை வருஷம் உக்காந்திருந்தீங்க? நிறுத்துங்க அதை!" மாமா நிறுத்தினார். வாடிக்கையாளர் முழித்தார்.

மதியம் மாமா ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்டார். குரலில் கொஞ்சம் சங்கடம்.

"மிச்சம் கொஞ்சம் கிடக்குல்ல. அதுக்குப் புதுசா ஒரு பர்ஸ் போடணும். பழைய வார்த்தையை நீ பாத்துட்டே. தப்பா எடுத்துக்காதே பாப்பா."

தப்பாகவா? எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. நானே சொல்ல நினைத்திருந்த விஷயம் அது. புதுப் போனில் செயலியை ஏற்றி, வார்த்தைகள் வரும் பக்கம்வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

"இந்தத் தடவை நம்பர் போடுவீங்களா?"

"எழுத மாட்டேன். ஆனா ஒரு வேலை பண்றேன். நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

என் கடையிலேயே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பாதி ஷட்டர் இறங்கியது. மெஷின் ஓடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தை ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. அத்தை பேசி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. நாலு டொக். அப்புறம் அரத்தால் ஒரு கீறல். மறுபடி முணுமுணுப்பு, நாலு டொக், இரண்டு கீறல். அடுத்ததற்கு மூன்று. சாவியின் விளிம்பில் கீறல் போட்டு எண்ணிக்கை வைக்கிறார் என்று புரிந்தது. அப்படியே எண்ணிக்கொண்டு நின்றேன். வரிசை மட்டும் எனக்குக் கேட்டது.

பன்னிரண்டாவது சாவிக்குப் பன்னிரண்டு கீறல் விழுந்து முடிந்தபோது, தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா மிக மெல்ல ஏதோ கேட்டார். அத்தை அதைவிட மெல்லப் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நான் இன்னும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.